இடப்பக்க வெளிச்சம்

மும்பைக்காரர்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது அறைகளைச் சொல்வதில்லை, சதுர அடியைத்தான் சொல்வார்கள். எங்கள் வீடு 420 சதுர அடி. சயானில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடி. கணவர், நான், கல்லூரியில் படிக்கும் மகள், 76 வயது மாமியார். இந்த 420 அடிக்குள் கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், தண்ணீர் டிரம் என்று எல்லாவற்றுக்கும் நிரந்தர முகவரி உண்டு. சாமிக்குக்கூட சமையலறை அலமாரியில் ஒன்றரை அடி ஒதுக்கியிருக்கிறோம். வெகுகாலம் முகவரி இல்லாமல் இருந்தது என் வேலை மட்டும்தான்.

நான் மொழிபெயர்ப்பாளர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாள், வங்கிப் படிவம், காப்பீட்டு ஒப்பந்தம் ஆகியவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறேன். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. யாரும் ரசித்துப் படிக்கும் எழுத்தல்ல. ஆனால் 'சாப்பாட்டுக்கு முன்' என்பது 'சாப்பாட்டுக்குப் பின்' என்று மாறிவிட்டால் எங்கோ ஒரு நோயாளிக்கு ஆபத்து. கவனம் சிதறக்கூடாத வேலை. அதைப் பல வருடங்கள் சாப்பாட்டு மேஜையில், சாம்பார் பாத்திரம் வரும்போது எழுந்துகொண்டு, செய்துவந்தேன்.

2020 மார்ச் 25 முதல் நாடே ஊரடங்கில் முடங்கியபோது 'வீட்டிலிருந்து வேலை' என்பது திடீரென்று கௌரவமான சொல்லாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரே மேஜைக்கு மூன்று பேர். ஒரு வாரத்துக்குள் தானாகவே ஒரு வரிசை அமைந்தது. பகலில் கணவரின் மீட்டிங், இடையிடையே மகளின் வகுப்பு, எல்லோரும் படுத்தபின் இரவு பத்து மணிக்கு நான். யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் ஆலோசிக்கவும் இல்லை. தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோல அந்த வரிசை தன் இடத்தைக் கண்டுகொண்டது. மத்திய அரசு 2019ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 நிமிடம் போக மிஞ்சுகிற நேரத்தில்தான் நான் சம்பளத்துக்கு வேலை செய்தேன். கழுத்து வலி வந்தது. வலக்கை மணிக்கட்டில் வலி வந்தது. எனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன்.

"எழுதுகிற வேலைதானே, மடியில் வைத்து எழுதக்கூடாதா?" என்றார் ஓர் உறவினர். அவருடைய மடியில் அவர் நாளிதழைத் தவிர வேறெதையும் வைத்ததில்லை.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே இடம் பால்கனி. ஒன்பதடி நீளம், மூன்றரை அடி அகலம். மும்பை வழக்கப்படி ஜன்னல் போட்டு அடைத்தது. அதன் ஒரு கோடியில் மாமியாரின் தையல் மிஷின். மறு கோடியில் உடைந்த ஏர் கூலர், பழைய சூட்கேஸ்கள், கட்டிவைத்த செய்தித்தாள். சூட்கேஸ் கோடியை எனக்குத் தருவது என்று முடிவாயிற்று.

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 1970ல் கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். 1979ல் தவணையில் வாங்கிய மிதி மிஷின் அது. தமிழர், மராட்டியர், குஜராத்தி என்று கட்டடத்திலுள்ள பெண்கள் அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்தார். சேலைக்கு ஃபால் அடித்தார். என் கணவரின் பள்ளிக் கட்டணம் பல வருடங்கள் அந்த ஊசி முனையிலிருந்துதான் வந்தது. ஆனால் படிவங்களில் தொழில் என்ற இடத்தில் எப்போதும் 'இல்லத்தரசி'. "அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள்" என்பது வெளியாட்களுக்குச் சொல்லப்படும் பதில்.

தச்சு மிஸ்திரி வந்தார். மேஜை உயரம் 30 அங்குலம் என்று, கேட்காமலே குறித்துக்கொண்டார். எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறாராம். அத்தை கழுத்திலிருந்த இஞ்சு டேப்பை எடுத்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படிகிறதா என்று பார்த்தார். தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கச் சொன்னார். தரையிலிருந்து முழங்கைக்கு அளந்தார். 25 அங்குலம். "மேஜைக்குத் தக்கன ஆளு வளர முடியுமா? ஆளுக்குத் தக்கனதான் மேஜை" என்றார்.

ஐந்தடி ஒரு அங்குலம் உயரமுள்ள ஒருத்திக்கு 30 அங்குல மேஜை என்பது நாள் முழுவதும் தோளைத் தூக்கிக்கொண்டே இருக்கும் தண்டனை. தட்டச்சு செய்யும்போது முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்க வேண்டும், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். மேஜையை மாற்ற முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு: நாற்காலியை உயர்த்திக்கொண்டு, தொங்கும் காலுக்குக் கீழே ஒரு மணையைப் போட்டுக்கொள்ளலாம். மிஸ்திரி இழுப்பறை வைக்க ஆசைப்பட்டார். அத்தை தடுத்துவிட்டார். உயரம் குறைந்த மேஜையில் இழுப்பறை வைத்தால் தொடை இடிக்கும். சுவரில் கீல் வைத்து, வேண்டாதபோது மடக்கிவிடுகிற இரண்டரை அடிப் பலகை போதும் என்று முடிவு செய்தோம்.

அதன்பிறகுதான் சிக்கல். மிஷின் இருக்கும் கோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் ஜன்னல் இடப்பக்கம் வருகிறது. என் கோடியில் உட்கார்ந்தால் வலப்பக்கம் வருகிறது. வலக்கையால் எழுதுகிறவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும்; இல்லாவிட்டால் கை நிழல் எழுத்தின்மேல் விழும். கணவர் தன் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நீங்க இப்ப மாசத்துக்கு நாலு ரவிக்கைதானம்மா தைக்கிறீங்க. மிஷினை இந்தப் பக்கம் மாத்திரலாமா?"

அத்தை அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன் பெட்டிக்கு உள்ளேயே வெளிச்சம் இருக்குல்லா பிள்ளே. எனக்கு ஊசி இடது பக்கம்லா இருக்கு? வெளிச்சம் அங்கதான் விழணும். எழுபத்தொம்பதுலயே பாத்துத்தான் போட்டேன்."

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. தையல் மிஷினில் ஊசி இடக்கோடியில் இருக்கிறது, சக்கரம் வலக்கோடியில். 1979ல் ஒரு பெண், யாரையும் கேட்காமல், ஜன்னலையும் ஊசியையும் தன் கண்ணையும் கணக்குப் போட்டு ஓர் இடத்தைத் தேர்ந்திருக்கிறார். அதைச் 'சும்மா ஒரு மூலை' என்று வீடு நினைத்துக்கொண்டிருந்தது. மிஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. கம்ப்யூட்டர் திரைக்கு ஜன்னல் இடமா வலமா என்பது முக்கியமல்ல. நேர் எதிரிலோ முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. அச்சுப்படி திருத்தும்போது மட்டும் இடப்பக்கம் ஒரு மேஜை விளக்கு. இப்போது நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்கிறோம்.

மற்ற ஏற்பாடுகளையும் பெரும்பாலும் அந்தக் கோடியைப் பார்த்தே செய்துகொண்டேன். அத்தையின் கத்தரிக்கோல், சாக்கட்டி, நூல்கண்டு எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற தூரம். கொக்கி, பொத்தான் எல்லாம் பிஸ்கட் டின்களில். எப்போதோ தேவைப்படும் லைனிங் துணி தலைக்கு மேலே. நானும் அப்படியே. தினம் புரட்டுகிற 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' கைக்கெட்டும் தூரத்தில்; வாரம் ஒருமுறை தேடும் கோப்புகள் எழுந்து நின்றால் எட்டும் தட்டில்; வருமான வரித் தாள்கள் பரணில். காகிதங்களுக்கு மூன்றே தட்டுகள்: வந்தவை, நடப்பவை, அனுப்ப வேண்டியவை. நான்காவது தட்டு வைத்தால் அது குப்பைக்கூடையாகிவிடும்.

லேப்டாப் என்பது ஒரு கோளாறான பொருள். திரையும் விசைகளும் ஒட்டியே இருப்பதால், கையைச் சரியாக வைத்தால் கழுத்து குனிகிறது. கழுத்தை நிமிர்த்தினால் கை தூக்கிக்கொள்கிறது. லேப்டாப்பை ஒரு மரப்பெட்டி மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வருமாறு செய்து, தனியாக ஒரு கீபோர்டு வாங்கினேன். அந்தக் கீபோர்டும் மரப்பெட்டியும் செய்ததைப் பல மாத தைலம் செய்யவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபதடிக்கு அப்பால் இருபது வினாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். எதிர்க் கட்டடத்துத் துணிக்கொடி எனக்குச் சரியான தூரத்தில் இருக்கிறது.

மும்பைக்கென்று சில விதிகள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் ஜன்னல் இடுக்கில் நுழையும். அதனால் மின்சார பிளக் போர்டு தரையில் கிடக்காமல் மேஜைக்கு மேலே சுவரில். கீழ்த்தட்டில் காகிதம் கூடாது. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது தரைத்தளத்துக் குடும்பங்கள் சான்றிதழ்களை வாரக்கணக்கில் மின்விசிறிக்கு அடியில் உலர்த்திக்கொண்டிருந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. எங்களுக்கு மூன்றாவது மாடிதான். ஆனாலும் கீழ்த்தட்டில் இருப்பது செருப்புகள் மட்டும்.

இடம் கிடைத்துவிட்டது. நேரம்? வீட்டில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடுவது எல்லோருக்கும் சுலபம். கேஸ் வந்திருக்கிறது, சாவி எங்கே, தோசைக்கு மாவு இருக்கிறதா. அத்தைக்கு இதற்கும் ஒரு வழி இருந்தது. கழுத்தில் இஞ்சு டேப் தொங்கினால் அவர் வேலையில் இருக்கிறார், கூப்பிடக்கூடாது. என் கணவர் சிறுவனாக இருந்தபோதே பழகிய விதியாம் இது. எனக்கு மேஜை விளக்கு. அது எரிகிறவரை நான் வீட்டில் இல்லை. முதல் மாதம் மகள் இரண்டு முறை மறந்தாள். கணவர் பல முறை மறந்தார். இப்போது விளக்கைப் பார்த்துவிட்டு அவரே மாவைத் தேடுகிறார். பெரும்பாலும் கண்டுபிடித்தும் விடுகிறார்.

செலவு, நாற்காலி உட்பட, 11 ஆயிரத்துச் சொச்சம். எனக்கு வேலை தருகிற நிறுவனம் இதில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை, கேட்டால் சிரிப்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் தன் இடத்தையும் மின்சாரத்தையும் நாற்காலியையும் தானே போட்டுக்கொண்டு கூலியை மட்டும் வாங்கிக்கொள்கிறார். இது கம்ப்யூட்டர் காலத்துப் புதுமையல்ல. இதே மும்பையில், கிர்காவில், 1959ல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் தொடங்கியதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்றும் அதன் உறுப்பினர்கள் மாவை வாங்கிச் சென்று தங்கள் வீட்டில்தான் இடுகிறார்கள். ஆனால் அவர்கள் அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள். வீட்டுத் தரைக்கு அங்கே ஒரு மதிப்பு இருக்கிறது. பீடி சுற்றுபவருக்கும் ஊதுபத்தி உருட்டுபவருக்கும் அப்படியில்லை. வீட்டில் செய்யும் கூலி வேலையை மற்ற வேலைக்குச் சமமாக நடத்தவேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996ல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அரசாங்கம் கையெழுத்துப் போடும்வரை காத்திருக்க முடியாத பெண்கள் விளக்கையும் இஞ்சு டேப்பையும் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் வங்கியிலிருந்து அத்தையின் கணக்கு விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்லிப் படிவம் வந்தது. அதே மாதிரிப் படிவங்களை எத்தனையோ முறை தமிழாக்கியவள் நான். ஆனால் நிரப்ப உட்கார்ந்தது கணவர். 'தொழில்' என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி, பால்கனியை ஒருமுறை பார்த்துவிட்டு, 'தையல்' என்று எழுதினார். அத்தையிடம் வாசித்துக் காட்டியபோது அவர் இஞ்சு டேப்பைச் சரிசெய்துகொண்டே கேட்டார்:

"இம்புட்டு வருசத்துக்கும் சேத்து இப்ப வரி கேப்பானோ?"