குதிகாலுக்கு எந்த மெத்தை?

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் சுருக்கென்று குத்தி, நாலு எட்டு நடந்ததும் சற்றே அடங்குகிற குதிகால் வலிக்குப் பெரும்பாலும் காரணம், உள்ளங்கால் வளைவைத் தாங்கும் தடித்த சவ்வு நொந்துபோவதுதான். இதற்கு ஷூவுக்குள் வைக்கும் மெத்தையை அளவெடுத்துச் செய்தால்தான் பலன், கடையில் தொங்குவது வீண் என்று பலர் நம்புகிறார்கள். சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 236 பேரிடம் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், கெண்டைக்கால், குதிகால் நாணை நீட்டும் பயிற்சியோடு கடையில் கிடைக்கும் சிலிக்கோன் மெத்தை வைத்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. அளவெடுத்துச் செய்ததை வைத்தவர்களில் 68 சதவீதம். பயிற்சி மட்டும் செய்தவர்களில்கூட 72. ஆஸ்திரேலியாவில் 135 பேரிடம் நடந்த 2006ஆம் ஆண்டு ஆய்விலோ, மூன்று மாதத்தில் கடையில் வாங்கியது, அளவெடுத்துச் செய்தது என இரண்டு வகையும் ஓரளவு உதவின. ஓராண்டு முடிவில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரப்பட்ட போலி மெத்தையை வைத்தவர்களும் அவர்களுக்கு இணையாகத் தேறியிருந்தார்கள். தானே ஆறும் வலிக்கு மெத்தை எதற்கு என்று கேட்கலாம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு அந்த முதல் மூன்று மாதம்தான் பெரும்பாடு. தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்ற சட்டமே 2021இல்தான் வந்தது.

விலையைவிடப் பொருத்தம் முக்கியம். பழைய உள்தகட்டை உருவிவிட்டு, அதையே அச்சாக வைத்துப் புதியதை வெட்ட வேண்டும். அதன் மேலேயே திணித்தால் குதிகால் உயர்ந்து, ஷூ விளிம்பு உரசிப் புண்ணாகும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போட்டுப் பார்ப்பது நல்லது. அழுத்தியதும் தரையோடு தட்டையாகிவிடும் பஞ்சு மெத்தை எதையும் தாங்காது. இவ்வளவு பார்த்துப் பொருத்தினாலும் நம் வீடுகளில் ஷூ வாசலோடு நின்றுவிடுகிறது. வலி கடுமையாக இருக்கும் முதல் அடி டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு விழுகிறது. வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் தயங்குவது சுத்தத்தை நினைத்துத்தான். தெருவைத் தொடாத எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு ஒன்றைக் கட்டிலடியில் தனியாக வைத்துக்கொண்டால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

அந்த ரப்பருக்கு வேலூரோடு உறவு உண்டு. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காக்க மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் அங்கே அதைச் செருப்பாக்கினார்கள். அளவெடுத்துச் செய்வது அவசியமாவதும் இப்படி உணர்விழந்த பாதங்களுக்குத்தான். சர்க்கரை நோயால் மரத்துப்போன காலில் உரசலும் புண்ணும் வலியாகத் தெரியாது. சர்க்கரை நோயாளிகள் எந்த மெத்தையையும் வாங்குமுன் மருத்துவரிடம் பாத உணர்வைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வாங்கியபின் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.