நீர்வீழ்ச்சிக்கு மேலே

நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்கிற எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே படத்தைத்தான் எடுக்கிறம். மேலே பாறை விளிம்பு, நடுவில பஞ்சு மாதிரித் தண்ணி, கீழே பாசி பிடிச்ச கல்லு. விளிம்புக்கு அங்கால என்ன இருக்கெண்டு படத்தில வராது. அவுஸ்திரேலியாவின் நீல மலைகளில் மூன்று நாள் கமெராவோடு அலைந்தபோது எங்களை யோசிக்க வைத்தது அந்த வராத பக்கம்தான்.

கம்பஸ் விடுமுறைக்கு அக்காவும் நானுமாகச் சிட்னியில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருந்தம். நகரத்திலிருந்து ரெயினில் இரண்டு மணித்தியாலம் போனால் கட்டும்பா. மலை எண்டால் எங்களுக்கு நுவரெலியா மாதிரி ஏறிப் போற இடம். இங்கே ஊர் மேட்டுநிலத்தில் இருக்குது; பள்ளத்தாக்குத்தான் காலுக்குக் கீழே திடீரெண்டு திறக்குது. எல்லாம் மணற்கல். அதுக்குக் கீழே இருக்கிற மெதுவான களிக்கல் படை கரைஞ்சு போக, மேலே இருக்கிற மணற்கல் துண்டு துண்டாய் உடைஞ்சு விழும். அதனாலதான் பாறைச் சுவர்கள் கத்தியால வெட்டினது போல நிக்குது. இரும்புச் சத்து கலந்த இடங்களில் கல்லு செம்மஞ்சள் நிறம்.

முதல் நாள் வென்ட்வேர்த் நீர்வீழ்ச்சி. மொத்த உயரம் 187 மீற்றர். 1836 ஜனவரியில் சார்ள்ஸ் டார்வின் இந்த ஓடை வழியே நடந்து வந்து பள்ளத்தாக்கைப் பார்த்து அசந்து போனார். வெயில் ஏறினால் வெள்ளைத் தண்ணியும் நிழல் பாறையும் ஒரே படத்தில் அடங்காது. முகில் மூடின நேரம் நல்லது. ட்ரைபொட்டில் வைத்து அரைச் செக்கன் ஷட்டரைத் திறந்து விட்டால் தண்ணி நூலாகும். சாரல் லென்ஸில் படும். ஒவ்வொரு படத்துக்கும் துடைக்க வேணும். அக்காவின்ர துப்பட்டாவுக்கு அதுதான் வேலை.

மழை பெய்து பல நாளாகியும் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. காரணம் மேலே இருக்கிற சதுப்பு நிலங்கள். மழைத்தண்ணியை அவை பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்லக் கசிய விடுகின்றன. நீர்வீழ்ச்சியின் பாதிக் கதை விளிம்புக்கு மேலேதான் எண்டு அதில விளங்கினது.

மூன்றாம் நாள் சித்தியும் வந்தா. கட்டும்பா நீர்வீழ்ச்சியைப் படம் எடுத்த பிறகு, கீழே இறங்காமல், ஓடையைப் பிடித்து மேலே நடந்தம். கொஞ்சத் தூரத்தில், ஊருக்குள்ளேயே, 'த கலி' எண்டொரு பள்ளமான ஈரநிலம். குண்டுங்குரா, தாருக் பழங்குடிக் குடும்பங்களும், அவர்களோடு சில ஏழை வெள்ளைக் குடும்பங்களும் இங்கே குடியிருந்தார்கள். 1957 இல் கார்ப் பந்தயத் தடம் போடுவதற்காக அவர்களை எழுப்பி விட்டார்கள். வீடுகள் இருந்த இடத்தில புல்டோசர் ஓடினது. பந்தயமும் கன காலம் நிலைக்கேல்லை. இப்ப பழைய தார்ப் பாதையின் இரண்டு பக்கமும் பற்றை. நீல மலைகள் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது 1959 இல். அந்த மக்களை எழுப்பி இரண்டு வருசத்தில், பக்கத்துக் காடு பாதுகாக்கப்பட்ட அழகாகியது. த கலியைப் பழங்குடியினரின் இடமாக அரசு அறிவிக்க 2002 ஆகியது.

"இஞ்ச ஆக்கள் இருந்தவையாமோ?" எண்டு சித்தி இரண்டு தரம் கேட்டா. அவ 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து ஒரு பையோடு வெளிக்கிட்டவ. அவவின்ர வளவுக்குள் கன காலம் ஒருத்தரும் போகேலாது. "எங்கட கிணத்தடியும் இப்பிடித்தான் பத்தையாக் கிடக்கும்" எண்டா. பிறகு ஒண்டும் கதைக்கேல்லை.

இரண்டு இடத்துக் கதையும் ஒண்டில்லை. அங்கே நடந்தது யுத்தம். இங்கே ஒரு விளையாட்டுத் தடம். ஆனால் ஆக்கள் போன பிறகு ஒரு இடம் எவ்வளவு கெதியாக வெறும் 'வியூ' ஆகுது எண்டது எங்களுக்குத் தெரிஞ்ச விசயம். அழகு அதுக்கு உதவி செய்யும். தண்ணி நூலாய் விழுகிற படத்தைப் பார்த்து, மேலே ஆர் இருந்தவை எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்.

அதுக்காக நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்க வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. எங்களுக்கும் அந்தச் சாரலும் பாறையும் இன்னும் பிடிக்கும். படங்களை வரிசைப்படுத்தும்போது மட்டும் ஒரு முடிவு எடுத்தம். முதலில் பற்றைக்குள் கிடக்கிற தார்ப் பாதை. அடுத்தது சதுப்பில் கசிகிற மெல்லிய நீர். கடைசியில்தான் கட்டும்பா நீர்வீழ்ச்சி. 'லைக்' குறையும் எண்டு அக்கா சொன்னா. குறையட்டும். தண்ணி வந்த வரிசை அதுதான்.