ஒருமை பன்மை

2019-இல் அக்கா மகன் ஜிமேட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். வாக்கியத் திருத்தம் என்றாலே அவனுக்கு உதறல். ஐந்து விடைகள், முதலாவது, கொடுத்த வாக்கியமேதான்.

"மாமா, காதுக்கு எல்லாமே சரியாத்தான் கேக்குது."

காதை நம்பாதே என்றேன். 'தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர்' என்று தூண்டில் போடுவான். நடுவில் கிடக்கும் 'ஆஃப் நேம்ஸ்' என்பதை அடித்துவிட்டுப் பார். எழுவாய் லிஸ்ட். ஒருமை. 'இஸ்'தான் வரும். தமிழிலும் அப்படித்தான்டா: 'அவர் வந்தான்' பிழை, 'அவன் வந்தான்' சரி.

சொன்னதும் தாத்தா நினைவு வந்துவிட்டது. எழுபது வயசு மனுசனைப் பண்ணையார் வீட்டுப் பொடியன் 'அவன் வந்தான்' என்பான். எழுவாயும் பயனிலையும் கச்சிதமாகப் பொருந்தும். யாரும் திருத்தியதில்லை. எங்கம்மா பேசுகிற 'சனங்க வந்துச்சு'வை நான் அப்படியே பரீட்சையில் எழுதினேன். அதற்குத்தான் வாத்தியார் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.