மாகாணிப் பங்கு

பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பது ஓர் ஆயுட்கால உழைப்பின் பயன். எங்கள் தந்தையார் கரோல்பாகில் ஒரு மாடியறையில் வாடகைக்கு வாழ்ந்து, எழுத்தர் பணியில் சேர்த்த சிறுசேமிப்பைக் கொண்டு ஜனக்புரியில் ஒரு வீட்டை வாங்கினார். உயில் எழுதாமலே 2006ஆம் ஆண்டில் மறைந்தார். மக்களாகிய நாங்கள் மூவரும் தொழில் நிமித்தம் வெவ்வேறு ஊர்களில் இருந்தோம். அந்த வீட்டைப் பற்றி எங்களிடையே பேச்சு எழுந்ததே இல்லை. அம்மா அதில் இருந்தார், அதுவே போதுமானதாயிருந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, மனைவியை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை மணக்க விரும்புவதாக அம்மா தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 61. பாரதியாரையும் திரு.வி.க.வையும் எடுத்துக்காட்டிக் கைம்பெண் மறுமணத்தை மேடைகளில் ஆதரித்தவர்கள் நாங்கள். ஆயினும் அன்றிரவு தொலைபேசியில் எங்களிடையே எழுந்த முதற்கேள்வி, "வீடு என்ன ஆகும்?" என்பதே. அம்மா எத்தனை நாள் தனியே உண்டார் என்ற கேள்வி எழவேயில்லை.

வழக்கறிஞர் ஒருவரை நாடினோம். அவர் விளக்கினார்: "1856ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கைம்பெண்களின் மறுமணத்தைச் செல்லத்தக்கதாக்கியது, ஆனால் அவ்வாறு மணந்தவள் முதற்கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழக்க வேண்டும் என்றும் விதித்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமோ, மனைவிக்கும் மக்களுக்கும் சமபங்கு தந்து, பெண்ணின் பங்கை அவளுக்கே முழு உரிமையாக்கியது. பழைய சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. ஆகவே, உங்கள் தாயாரின் காற்பங்கு மறுமணத்தால் பறிபோகாது. அவர் உயிலின்றி மறைந்தால், அந்தக் காற்பங்கு உங்கள் மூவருக்கும் புதிய கணவருக்குமாக நான்காகும்."

காலிலே கால், எண்சுவடிக் கணக்கில் மாகாணி. வீட்டின் பதினாறில் ஒரு கூறு. அந்த மாகாணி அவர் வழியே அவருடைய மக்களைச் சென்றடையுமே என்று அஞ்சினோம். அம்மா தம் பங்கு முழுவதையும் எங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் தயாரித்து, திருமணத்துக்கு முன்பே அவர் முன் வைத்தோம்.

அம்மா மூக்குக்கண்ணாடியை அணிந்து, ஒரு வரி விடாமல் படித்தார். "கையெழுத்துப் போடுகிறேன். போட்ட பிறகு நான் இருக்கும் வீடு யாருடையது?" என்றார்.

எங்களுள் எவரும் வாய் திறக்கவில்லை. 1856ஆம் ஆண்டின் நிபந்தனையை, அது நீக்கப்பட்டு இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின், நாங்களே தட்டச்சுச் செய்து கொண்டுவந்திருந்தோம். பத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். திருமணம் நடந்தது.

சில மாதங்களுக்குப் பின் அம்மா தாமாகவே, இரு சாட்சிகள் முன்னிலையில், உயில் எழுதினார். தம் பங்கு மக்கள் மூவருக்கே உரியது. தமக்குப் பின் தம் கணவர் விரும்பும்வரை அவ்வீட்டிலேயே வசிக்கலாம் என்பது அதன் சாரம். மீதி முக்காற்பங்குக்கு உரியவர்கள் என்ற முறையில் நாங்களும் அதற்கு இசைந்து எழுத்தில் கொடுத்தோம். அவருடைய மகனும் எங்களைப் போலவே தம் தந்தையின் சொத்துக்காக அஞ்சியிருந்தார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. இருவரும் சிரித்தோம், ஆனால் அச்சிரிப்பில் வெட்கமும் கலந்திருந்தது.

சொத்தைக் குறித்த அச்சம் இழிவானதென்று நாங்கள் சொல்லமாட்டோம். அது பெற்றோரின் வியர்வையில் விளைந்தது. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுதலும், பெற்றோர் நலமாக இருக்கும்போதே உயில் எழுதிவைத்தலும் நன்று. ஆனால் அந்தக் கையெழுத்தை மணத்தின் விலையாகக் கேட்கலாகாது.

அம்மா 2019இல் மறைந்தார். அவர் இன்றும் அவ்வீட்டிலேயே இருக்கிறார். தில்லிக்குச் செல்லும்போதெல்லாம் கதவைத் திறந்து, "வாருங்கள், பயணம் சுகமா?" என்று கேட்டுக் காப்பி கலந்து தருகிறார். கூடத்தில் அம்மாவின் படத்துக்கும் அதனருகே உள்ள அப்பாவின் படத்துக்கும் நாள்தோறும் பூச்சூட்டுபவர் அவரே.