அத்தையின் வலது கண்

2024-இல் கிள்ளானில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சு, மெடிக்கல் கார்டின் காப்புறுதிக் கட்டணம் ஏறிவிட்டது என்று. சிலருக்கு 40 விழுக்காடு, சிலருக்கு 70. பாரங்கள் நிரப்பித் தந்து பழகியவள் என்பதால் உறவுக்காரர்கள் கடிதத்தோடு என்னிடம்தான் வருவார்கள். ஆகஸ்டில் அத்தையும் வந்தார்.

அத்தைக்கு 67 வயது. தெங்கு கிளானா சாலையில் உள்ள ஒரு கடைக்கு வீட்டிலிருந்தே பூ கட்டிக் கொடுப்பவர். மாமா இருந்தபோது எடுத்து வைத்த காப்புறுதி அது. மாதம் 310 வெள்ளியாக இருந்தது 450 ஆகிறது என்றது கடிதம். அந்த இரண்டு எண்களுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஏஜெண்டைக் கூப்பிட்டு வேறு வழி உண்டா என்று கேட்கவும் இல்லை.

“நிறுத்திருங்க அத்தை. உங்களுக்குத்தான் பெக்கா பி40 இருக்கே.”

2019-இல் வந்த திட்டம் அது. அரசின் உதவித்தொகை பெறும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை உண்டு. அரசு மருத்துவமனையில் பொருத்தும் கண் வில்லை, இதய ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்றவற்றுக்கு 20,000 வெள்ளி வரை கிடைக்கும். நல்ல திட்டம். இன்றும் தகுதி உள்ள எல்லோரையும் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறேன்.

“போனா ரொம்ப நாள் காத்துக் கிடக்கணுமாம்மா?” என்று கேட்டார் அத்தை.

“காசு ஒண்ணும் பெரிசா ஆகாது அத்தை” என்றேன்.

செப்டம்பரில் கட்டுவதை நிறுத்தினார். அக்டோபரில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள், வலது கண்ணில் முற்றியிருந்தது. அரசு மருத்துவமனையில் அறுவைக்குக் கிடைத்த தேதி அடுத்த ஜூன். வில்லைக்குப் பணம் இருந்தது. முன்னால் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனேன். வாசல் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மொட்டு இப்படி, இரண்டு அப்படி வைத்து நூலைச் சுற்றி இழுப்பார். பேசிக்கொண்டே முழம் முழமாகக் கட்டும் கை அது. அன்றைக்கு ஒவ்வொரு மொட்டையும் முகத்தருகே கொண்டுபோய், பழுத்ததா என்று பார்த்துப் பார்த்து வைத்தார். வைத்ததைத் தடவினார். பிரித்தார். மறுபடி வைத்தார். பக்கத்துத் தட்டில் கடைக்காரர் திருப்பி அனுப்பிய சரம் கிடந்தது. வெள்ளை மொட்டுகளுக்கு நடுவே பழுப்பேறிய மொட்டுகள்.

காத்திருக்கும் நாளைப் பற்றி அத்தை கேட்டார். நான் காசைப் பற்றிப் பதில் சொன்னேன். அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. ஜூன் வரை பூ கட்டாமல் அவர் எதைக் கொண்டு சாப்பிடுவார் என்று நான் ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

பழனிக்குப் போகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து, நவம்பரில் தனியார் மருத்துவமனையில் வலது கண்ணுக்குச் செய்துகொண்டார். ஆறாயிரம் வெள்ளிக்கு மேல் போயிற்று. நான் தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

டிசம்பர் 20-ஆம் தேதி மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அறிவிப்பு வந்தது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து ஏற்ற வேண்டும். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆகக் குறைந்த திட்டத்தில் இருந்தால், ஓராண்டுக்கு உயர்வே கிடையாது. கட்டணம் ஏறியதால் அந்த ஆண்டில் கைவிட்டவர்கள், புதிதாக உடல்நிலை விசாரணை இல்லாமல் திரும்பச் சேரக் கேட்கலாம் என்றது அது. அத்தையுடையது அந்த ஆகக் குறைந்த திட்டம்தான்.

மறுநாளே ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். “முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அறிவிப்பு வர்ற வரைக்கும் ஓட்டுற மாதிரி ஏதாவது பார்த்திருக்கலாமேக்கா” என்றார் அந்தப் பெண். ஜனவரியில் கார்டு திரும்பக் கிடைத்தது. இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் சொன்னேன். அத்தை நடுநடுவே நிறுத்தி, எந்த மருத்துவமனை, எத்தனை நாளில், கையிலிருந்து எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார். முழுதும் கேட்ட பிறகு, “வச்சுக்கிறேன்மா. பெக்காவும் இருக்கட்டும்” என்றார்.

இடது கண்ணுக்கான செலவு கார்டில் போயிற்று. வலது கண்ணுக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. அது கார்டு கையில் இல்லாத மாதத்துச் செலவு.