பழைய காசுக்கும் மார்க் ஷீட்

செமஸ்டர் ரிசல்ட்டுக்கு நாம் காத்திருப்பதுபோல, பழைய காசு வைத்திருப்பவர்களும் ஒரு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பார்கள், தெரியுமா? அமெரிக்காவில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்று இரண்டு பெரிய நிறுவனங்கள், 1986லும் 1987லும் ஆரம்பித்தவை. காசு அசல்தானா என்று பார்த்து, மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் தருவார்கள். மார்க் நூற்றுக்கு இல்லை, எழுபதுக்கு!

அது என்ன கணக்கு? 1949ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செம்புக் காசுகளுக்காகப் போட்ட கணக்கு. தேய்ந்துபோய் அடையாளம் மட்டும் தெரிகிற காசுக்கு 1. அதைப்போல 70 மடங்கு விலை போகிற குறையில்லாத காசுக்கு 70. அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துவிட்டது. எண் மட்டும் தங்கிவிட்டது.

60க்கு மேல் வந்தால் எம்எஸ், அதாவது புழக்கத்துக்கே போகாத காசு. 50 முதல் 58 வரை ஏயு, லேசான தேய்மானம். 40, 45 என்றால் எக்ஸ்எஃப். 20 முதல் 35 வரை விஎஃப். எழுபதுக்கு 58 எடுத்தால் நமக்கு டிஸ்டிங்ஷன். காசு உலகத்தில் அதற்கு 'கைமாறிய காசு' என்று அர்த்தம்!

சில காசுகளுக்கு எண்ணே வராது. 'ஏயு டீடெயில்ஸ் - கிளீன்ட்' என்று மட்டும் வரும். காசு அசல், தேய்மானமும் குறைவு, ஆனால் யாரோ தேய்த்துத் துலக்கிவிட்டார்கள் என்று பொருள். துளை, சுரண்டல், மாலையில் கோர்க்க வளையம் பற்றவைத்த தழும்பு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நன்றாக எழுதியும் ரிசல்ட்டில் 'வித்ஹெல்ட்' என்று வருவதுபோல.

துலக்கினால் என்ன தப்பு? அச்சில் அடிபடும்போது உலோகத்தின் மேல் மெல்லிய வரிகள் விழும். காசைச் சாய்த்தால் ஒளி சுற்றி ஓடுவது அந்த வரிகளால்தான். புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்தால் வரிகள் போய் கீறல்கள் வரும். பிறகு எதைச் செய்தாலும் திரும்பாது.

ஆரணியில் எங்கள் தெருவில் தார் சுற்றும் பெரியம்மா ஒருவர், கல்யாணச் செலவுக்காக ஆறு விக்டோரியா ரூபாய்களை விற்க எடுத்தார். ஒவ்வொன்றும் 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. வியாபாரி லென்ஸில் பார்த்துவிட்டு, "தேய்ச்சிட்டீங்களேம்மா, வெள்ளி விலைதான் வரும்" என்றார். பெரியம்மாவுக்குக் கோபம். "வெள்ளிக்கிழமை தவறாம விபூதி போட்டுத் துலக்கி மகாலட்சுமி முன்னாடி வச்சிருக்கேன். சுத்தமா வச்சது குத்தமாப்பா?" என்று என்னிடம் கேட்டார்.

குற்றம் இல்லை. ஆனால் அந்த மார்க் பக்தியை அளப்பதில்லை, மேற்பரப்பை மட்டும்தான் அளக்கிறது. ஆற்காடு ரூபாயையே பாருங்கள். பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கி 18ம் நூற்றாண்டில் சென்னையிலும் புதுச்சேரியிலும் அடித்த காசு அது. வெள்ளியைச் சோதிக்க சராப்புகள் குத்திய முத்திரைகள் சில காசுகளில் இருக்கும். அன்றைக்கு அந்தக் குத்துதான் நம்பிக்கை. இன்றைக்கு அதுவே சேதம் என்று எழுதப்படலாம்.

மார்க்கும் விலையும் ஒன்றில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1939ம் வருட ரூபாய் அரிது. அதன் சுமாரான காசுகூட 1919ம் வருடத்து நல்ல காசை விலையில் தாண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ம் வருடத் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. ஆகவே மார்க் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பாட்டி காசைக் கேட்டால் யோசியுங்கள்.

பெரியம்மா நான்கை விற்றார். மீதி இரண்டு பூஜை அறையில் இருக்கிறது. இப்போது தேய்ப்பதில்லை. விளிம்பில் பிடித்து எடுத்து வைத்து, ஒரு பூ மட்டும் வைக்கிறார்.