கொங்கிறீற்றுக்குள் கிடந்தது

எங்கள் பாடசாலை மாடிக் கட்டடத்தின் கீழ்த்தள முகட்டில் துருக்கறை கசியத் தொடங்கி இரண்டு மாரி போய்விட்டது. கடந்த விடுமுறையில் அதைப் பரிசோதிக்க வந்த பொறியியலாளர், தரம் எட்டில் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர். உளியும் சுத்தியலும் வருமென்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கொண்டுவந்ததோ சில்லுப் பூட்டிய ஒரு சிறு பெட்டி.

"ராடார், சேர். கட்டடத்த உடைக்காமலே உள்ளுக்குப் பாக்கலாம்" என்றார்.

மேல்மாடி வகுப்பறைத் தரையில் அதை மெல்ல உருட்டினார். பெட்டி மின்காந்தத் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. கொங்கிறீற்றுக்குள் அவை ஒரு நனோ செக்கனில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் ஓடும். கம்பியில் பட்டதும் திரும்பிவிடும். போய்வந்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுவார்கள். திரையில் ஒவ்வொரு கம்பியும் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைவு. ஈரமும் உப்பும் ஊறிய இடத்தில் வளைவு மங்கும். துருவை அது நேரே காட்டாது. கம்பியின் பருமனையும் திட்டமாய்ச் சொல்லாது. ஐயமான இடத்தில் சிறு துளையிட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் கம்பிகளுக்கு இடையிலான தூரத்தை நன்றாகவே சொல்லும்.

வரைபடத்தில் 6 அங்குலம். திரையில் 9, சில இடங்களில் 10.

"கம்பி குறையுது, சேர்."

எனக்கு அது புதினமல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் பழைய கட்டடத்தைக் கொண்டுபோனது. 2007இல் இது எழும்பியபோது நான் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். கம்பி கட்டிய அன்று அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். கேட்டதற்குக் கொந்தராத்துக்காரர் சிரித்தார்.

"கொங்கிறீற்றுப் போட்டா உள்ளுக்க என்ன கிடக்கெண்டு ஆரு மாஸ்டர் பாக்கிற?"

கொட்டிலில் நனைகிற பிள்ளைகளுக்குக் கட்டடம் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாரமேற்ற கடிதத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதன் பிறகு எத்தனையோ காலைக் கூட்டங்களில் அமானிதம் பற்றிப் பிள்ளைகளுக்குப் பேசியிருக்கிறேன். அந்த முகட்டின் கீழேதான் அவர்களை இருத்திப் படிப்பித்தும் இருக்கிறேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிராமல், தரையில் கம்பி இருந்த இடங்களைச் சோக்கால் குறித்துக்கொண்டிருந்தார். பின்னேரம் அறிக்கையின் நகலைக் காட்டினார். 'கட்டும்போது கம்பி இடைவெளி கவனிக்கப்படவில்லை' என்று ஒரு வரி இருந்தது. என்னைக் காப்பாற்ற எழுதிய வரி அது.

"மகன், 'கவனிக்கப்பட்டது' எண்டு மாத்துங்க" என்றேன்.

மாற்றினார். மறுதவணை தொடங்கியபோது கட்டடம் பூட்டப்பட்டிருந்தது. இப்போது தரம் ஏழுக்கு மரத்தடியில்தான் பாடம் நடத்துகிறேன்.